சிலோன் ரேட்டு

1

இந்த மாதம் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்று என் மைத்துனன் எழுதியது. மற்ற இரண்டும், இந்தப் பத்திரிகையில் நான் முன்பு எழுதிய குறிப்புகளைப் படித்த, எனக்கு முன்பின் தெரியாதவர்கள் எழுதியவை. மூன்று பேரும் புதிய சட்டத்தால் வேலை போனவர்கள், அல்லது போகப்போகிறவர்கள். கப்பலேறுவதற்கு முன் மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்வி: "சென்னையில் வேலை தேடும்போது சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?"

வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், அரிசி விலை என்று கேட்டிருந்தால் தபால் அட்டையில் நாலு வரி எழுதிப் போட்டிருப்பேன். இதற்கு அப்படி எழுத முடியவில்லை. நாங்கள் ராயபுரம் வந்து நேற்றோடு இரண்டு வருடம். அதில் இருபது மாதம், இந்த ஒரு கேள்விக்குத் தவறாகச் சொன்ன பதிலோடுதான் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். இதை எழுதும்போதுகூட, கொழும்பில் அச்சாகிற இந்தப் பத்திரிகைத் தாளில் யாராவது எதையாவது மடித்து அனுப்பி அது கடல் தாண்டி வந்து எங்கள் மேனேஜர் மேஜையில் விழுந்துவிடுமோ என்று இருக்கிறது. அதனால் என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இரும்பை உருக்கி வார்க்கிற கம்பெனி என்று தெரிந்தால் போதும். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

2

கொழும்புத் துறைமுகத்துக் கிடங்கில் நான் பதினோரு வருடம் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. அங்கே சேர்ந்த நாளில் யாரும் என்னிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை. சுவரில் ஒரு தாள் தொங்கும். இந்த வேலைக்கு இவ்வளவு, இத்தனை வருடம் கழித்து இவ்வளவு என்று அதில் அச்சடித்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பது தெருவுக்கே தெரியும். படி, போனஸ் எல்லாம் அங்கேயும் உண்டுதான். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், மாதக் கடைசியில் கைக்கு வருவது எதுவோ அதைத்தான் சொல்வோம். எனக்கு நூற்று நாற்பது. கலியாணம் பேச வந்தவர்களிடம் என் அப்பா சொன்னதும் கைக்கு வருகிற கணக்குத்தான்.

பிறகு சட்டம் வந்தது. பிரஜை இல்லாதவர்களுக்குத் துறைமுகத்தில் இடமில்லை என்றார்கள். நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில், ஞானஸ்நானம் வாங்கியது கொட்டாஞ்சேனைக் கோயிலில். என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்தவர், என்னை வெளியே தள்ள அது போதுமாக இருந்தது. "நீங்க சொந்த நாட்டுக்குத்தானே போறீங்க, என்ன கவலை?" என்று ஆபீஸில் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் போட்டுக்கொண்டேன்.

சொந்த நாட்டில் என் பெயர் 'சிலோன்காரர்'. இங்கே கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆபீஸ் இருக்கிறது. என்னை இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். முதல் நாள் போனபோது அங்கிருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார்: "தகப்பனார் பிறந்த ஊர்?" கொழும்பு என்றேன். "உங்க ஊர்?" கொழும்பு என்றேன். "அப்போ இங்கே எதுக்கு வந்தீங்க?" இதற்கு நான் சொன்ன பதிலை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பதிவு முடிகிறவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்ன கம்பெனியில் இன்ன வேலையில் இருக்கிறார், நடத்தை நல்லது என்று முதலாளியிடம் கடிதம் வாங்கிவந்து காட்ட வேண்டும் என்றார். வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதை அப்போ பார்க்கலாம்" என்றார்.

அந்த 'அப்போ'தான் அன்று முதல் என் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே என் பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே இன்னும் எழுதவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் தண்ணீரில் மனுஷன் எப்படிக் குடியிருப்பான்?

3

முதலில் போனது துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். என் அனுபவம், கையெழுத்து எல்லாம் அங்கே என்னை விசாரித்தவருக்குப் பிடித்திருந்தது. சம்பளம் பற்றிக் கதைக்கலாமா என்று கேட்டேன். "கதையா?" என்று சிரித்தார். இங்கே கதை என்றால் கதைதான், பேச்சு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னேன். அங்கே ரூபாய், இங்கேயும் ரூபாய். காசுக்குக் காசு சரி என்று, வந்து இறங்கிய மண்டபம் முகாமிலேயே சொல்லியிருந்தார்கள்.

"நூத்தி நாப்பதா?" என்றவர் உள்ளே திரும்பி, "சார், இவருக்கு நூத்தி நாப்பது வேணுமாம். உங்க நாற்காலியைக் கொஞ்சம் காலி பண்றீங்களா?" என்றார். உள்ளே மூக்குக் கண்ணாடியோடு ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. குடையைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். அது அங்கே இன்னும் இருக்கக்கூடும்.

அடுத்தது வண்ணாரப்பேட்டையில் ஒரு மரைக்காயரின் மொத்த வியாபார மண்டி. இந்தத் தடவை எண்ணே சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் கேட்டதும், "நீங்க பார்த்துக் குடுக்கிறதைக் குடுங்க பாய்" என்றேன். பணிவாகச் சொன்னதாக நினைப்பு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷர், முகத்தில் கேலியே இல்லை.

"தம்பி, உங்க விலையே உங்களுக்குத் தெரியலை. என் சரக்கோட விலையை நீங்க எப்படிக் காப்பாத்துவீங்க?" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கல்மண்டபம் மார்க்கெட் வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. என் மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. நான் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை பார்த்துவிட்டு, "கூடச் சொன்னீங்களா, குறையச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முதல் இடத்தில் கூட, இரண்டாவது இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். "அப்போ நடுவுல ஒண்ணு இருக்கும்தானே?" என்றாள்.

4

நடுவில் இருக்கும் அந்த ஒன்றை நான் தேடியது பக்கத்துக் குடித்தனத்தில். நாங்கள் இருப்பது ஆறு குடித்தனமும் ஒரு குழாயும் உள்ள வீடு. அடுத்த அறையில் ஏகாம்பரம். அந்த இரும்புக் கம்பெனியில் பதினைந்து வருடமாக மோல்டர். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சுக் கட்டுகிறவர். அங்கே ஸ்டோர்ஸில் ஆள் வேண்டும் என்று சேதி கொண்டுவந்ததும் அவர்தான்.

"இன்னா சார், குந்திகினே கீறே? போய் ஒரு லெட்டர் எழுதிக் குடு. நான் பெரிய கிளார்க்கு கையில குடுக்கிறேன்" என்றார்.

எதிர்பார்க்கும் சம்பளம் என்று அதில் எழுதவேண்டுமாமே என்றேன். "ஆமா, எழுது" என்றார். மென்று விழுங்கி, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். தப்பாக நினைத்துக்கொள்ளப்போகிறாரே என்று பயம். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்: "எனுக்கு அம்பது."

பதினைந்து வருடம் நெருப்பு முன்னால் நிற்கிறவருக்கு ஐம்பது. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன். எப்படித்தான் சமாளிக்கிறாரோ என்று நான் உள்ளுக்குள் பரிதாபப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் மனைவியும் நானும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஐம்பது என்றால், தன் விலையே தெரியாதவன் என்று மண்டிக்காரர் சொன்ன குறை வரும். நூறு என்றால் மறுபடியும் யாராவது நாற்காலியைக் காட்டுவார்கள். எழுபத்தைந்து என்று எழுதினேன். ஏகாம்பரத்தைவிடக் கூடக் கேட்கிறோமே என்று மனசு உறுத்தியது. கூடவே ஒரு பயமும் வந்தது. இவன் எழுபத்தைந்து என்று உள்ளே வந்துவிட்டுப் பிறகு அரிசிக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கேட்பான் போலிருக்கிறதே என்று அவர்கள் நினைத்துவிட்டால்? அதனால் கொழும்புக் கிடங்கில் பழகிய அழகான கையெழுத்தில், 'எல்லாம் சேர்த்து மாதம் எழுபத்தைந்து ரூபாய். இதற்குமேல் எந்தப் படியும் கேட்கமாட்டேன்' என்று அர்த்தம் வரும்படி இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பயம்தான் எழுதச் சொன்னது.

மேனேஜர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெரிய கிளார்க்கைக் கூப்பிட்டு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எனக்கு நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். கொழும்பு அனுபவத்துக்கு என்ன மரியாதை பார் என்று நினைத்துக்கொண்டு நானும் ஊதி ஊதிக் குடித்தேன். வேலை தேடி வந்தவனுக்கு மேனேஜர் காபி வாங்கித் தருகிறார் என்றால் காரணம் இல்லாமலா தருவார்? அது எனக்கு அன்று தோன்றவில்லை. கோட்டை ஆபீஸுக்கு வேண்டிய கடிதத்தையும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று நாங்கள் ராயபுரம் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

5

முதல் சம்பள நாளில் ஜன்னல் முன்னால் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் ஏகாம்பரம். உறையைப் பிரித்து எச்சில் தொட்டு எண்ணினார். எண்ணிக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றிரண்டு.

"கடன் ஏதும் வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"கடனா? சம்பளம் சார். அம்பது பேசிக்கு. மிச்சம் பஞ்சப்படி." என் முகத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். "உனுக்கு இன்னா குட்தாங்க?"

என் உறையில் எழுபத்தைந்துதான் இருந்தது.

இங்கே யாரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாலும் அடிப்படையைத்தான் சொல்வார்கள். விலைவாசி ஏற ஏறக் கூடுகிற பஞ்சப்படி அதன் பின்னாலேயே வரும். மழை நாளில் குடையைப் பற்றி யாரும் தனியாகச் சொல்வதில்லை அல்லவா, அதுபோல அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏகாம்பரம் என்னை ஏமாற்றவில்லை. ஐம்பது என்று அவர் சொன்னது சத்தியமாக ஐம்பதுதான். கைக்கு வருகிறதையே சம்பளம் என்று சொல்லிப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான். நானே போய் என் தலையை நீட்டியிருக்கிறேன்.

பெரிய கிளார்க்கிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். "கையெழுத்து உங்களுதுதானே? முத்து முத்தா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பேப்பர் விஷயம் கோட்டையில இன்னும் முடியலை இல்லே? அடுத்த ஆறு மாசக் கடிதத்துக்கு மறுபடி நம்ம மேனேஜர்கிட்டதான் வரணும்" என்றார். மிரட்டுகிற தொனியே இல்லை. நான் வீடு போகும்போது மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மனைவிக்கு நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது. குழாயடியில் ஏகாம்பரத்தின் மனைவி சொல்லியிருக்கிறாள். என் மனைவி அழவில்லை. "சும்மா இருங்க" என்றாள். "கடிதம் வர்றவரைக்கும் சும்மா இருங்க. எனக்குச் சரியான பயமா இருக்குது. காசு குறைஞ்சா கஞ்சி குடிக்கலாம். பேப்பர் இல்லாட்டி இந்தப் புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறது?"

அந்தப் புள்ளை, என் மகள் ரோசலின், அப்போது வாசலில் மற்றப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். வந்த புதிதில் வாயே திறக்காமல் இருந்தவள். ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "இன்னா நைனா, பேஜாரா கீறே?" என்றாள். அப்பா என்று சொல்லு என்று அவள் அம்மா அதட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு வயதில் அவள் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அவளை மறுபடியும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சும்மா இருந்தேன். அடுத்த கடிதமும் வாங்கினேன். சம்பள நாட்களில் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வேன்.

6

நான் ஏமாந்ததோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இது நடந்து ஒரு வருடம் இருக்கும். ஏகாம்பரத்தின் மச்சான் கன்னியப்பன் எர்ணாவூரில் இருக்கிறான். கம்பெனியில் சரக்குக் கணக்கு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருக்கிறான். மறுநாள் காலை ஏகாம்பரம் சைக்கிளை வெளியே எடுத்தார். தினமும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறவர், அன்று என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நம்ப கன்னியப்பன்கிட்ட இன்னா சொன்னாங்க தெரியுமா சார்? சிலோன் ரேட்டுக்கு வரியான்னு கேட்டுக்கீறாங்க. அப்டின்னா இன்னான்னு இவன் கேட்டா, உன் லெட்டரை எட்த்துக் காட்றாங்க. 'பாரு, பதினோரு வருசம் கப்பல் சரக்கு பாத்தவரே அல்லாம் சேத்து எழுபத்தஞ்சுக்கு வந்துகீறாரு. உனுக்கு எதுக்குப் பஞ்சப்படி?'ன்றாங்க. இவனோட சேத்து நாலு பேர். நாலு பேருக்கும் அதே லெட்டர்தான்."

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

"நீ நாமம் போட்டுக்கினே, சரி. அத்த எங்க நெத்தியிலயும் இன்னாத்துக்கு சார் போட்றே? நாளைக்கு என்னைக் கூப்ட்டு, ஏகாம்பரம், நீயும் சிலோன் ரேட்டுக்கு வந்துருன்னா நான் இன்னா செய்ய?"

அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், எனக்கும் படி வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். நியாயம்தான். என் பேப்பர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆனாலும் சைக்கிளில் ஏறித் தனியாகத்தான் போனார்.

அதன் பிறகு பஸ்ஸில் போய்வந்தேன். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய நாட்களில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்தேன். கம்பெனியில் டீ குடிக்கிற இடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, திட்டக்கூட இல்லை. ஆனாலும் கிரேனில் சரக்கு தொங்கும்போது அதன் கீழாகப் போக எனக்கு மனசு வராது, சுற்றிக்கொண்டு போவேன். மனுஷர்களைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்கவைத்தது அந்தப் பயம். கொழும்பில் என்னை வேண்டாம் என்றவர்களுக்குப் பயந்தேன். இங்கே மேனேஜருக்கும் பயம், மோல்டருக்கும் பயம். என் கையெழுத்தைக் கண்டாலே எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு தடவை அந்த லெட்டரைத் திரும்பக் கேட்டு எழுதினேன். இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

7

போன வாரம் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் புதிதாக ஆள் எடுக்கும்போது வருகிறவர்களின் விவரத்தை எழுத என்னைத்தான் உட்காரவைக்கிறார்கள். பெயர், வயது, முன் அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம். மேனேஜர் அறைக்கு அரைக்கதவுதான். நான் கேட்பதும் அவர்கள் சொல்வதும் அவருக்குக் கேட்கும்.

அன்று வந்தவர் பெயர் காசிம். ரங்கூன்காரர். அங்கே மர அறுவை ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். அங்கேயும் நம் கதைதான். பிறந்தது அங்கே, ஊர் இங்கே என்கிறார்கள். கோட்டை ஆபீஸுக்குக் காட்ட வேண்டிய தாள்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

எதிர்பார்க்கும் சம்பளம் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இங்கே எவ்வளவு குடுப்பாங்கண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அரைக்கதவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் சேர்த்து எழுபது போட்டுக்குங்கண்ணே. அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டேன்னும் எழுதிருங்க" என்றார்.

அரைக்கதவுக்குக் கீழே மேனேஜரின் காலணி தெரிந்தது. அன்று காலைதான் என் அடுத்த ஆறு மாதக் கடிதத்தை அடித்து அவர் மேஜைமேல் கையெழுத்துக்கு வைத்திருந்தேன். எழுபது என்று எழுத எத்தனை நேரமாகும்? எழுதியிருந்தால் காசிமுக்கு வேலை, எனக்குக் கடிதம். அடுத்து வருகிறவனுக்கு 'ரங்கூன் ரேட்டு'.

"காசிம் பாய், இங்கே அப்படிச் சொல்ற வழக்கம் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னுதான் சொல்லணும். பஞ்சப்படி அதுக்கு மேல தனியா வரும். எல்லாருக்கும் வருது. உங்களுக்கு ஐம்பதுன்னு எழுதட்டுமா, பஞ்சப்படி தனின்னு?"

அவர் புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார். எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அவர் போனதும் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

மேனேஜர் காசிமின் தாளைப் படித்தார். "இது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான் சொன்னதுதான் சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சிரித்தார். மேஜைமேல் இருந்த என் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார், பேனாவின் மூடியைத் திறந்தார். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நல்லாக் கணக்கு சொல்றீங்க. சரி, உங்களுக்கு எவ்வளவு எதிர்பார்க்கறீங்க, சொல்லுங்களேன் கேப்போம்."

அது கேள்வி இல்லை, எனக்குத் தெரியும். எழுபத்தைந்தே போதும் சார் என்று சொல்ல வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார், நான் கும்பிட்டுவிட்டு வெளியே வர வேண்டும். பேனா முனை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

"அடிப்படை அறுபது சார்" என்றேன். "பஞ்சப்படி தனி. அந்தப் பழைய லெட்டரை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க சார்."

அவர் பேனாவை மூடினார். என் கடிதத்தை இழுப்பறையில் போட்டுத் தள்ளினார். "இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்தபோது சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. எப்படி என்று தெரியாது, அரைக்கதவு அவர்களுக்கும் அரைக்கதவுதானே. ஏகாம்பரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குந்து சார்" என்றார். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று முதுகில் தள்ளியது. கொஞ்ச தூரம் போனபின், "பயமா கீதா?" என்று கேட்டார். ரொம்ப என்றேன். "எனுக்கும்தான். நாளைக்கு அல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒண்ணு குடுக்கலாம்ன்றாங்க. நீதான் எழுதணும், உன் கையெழுத்துதான் சோக்கா கீது" என்றார். எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. காசிமை எடுப்பதா வேண்டாமா என்றும் இன்னும் சொல்லவில்லை. கோட்டை ஆபீஸில் நான் கடிதம் காட்ட வேண்டிய நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான். இழுப்பறை திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

ஆகவே, சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று எழுதிய மூவருக்கும்: அடிப்படையைச் சொல்லுங்கள், பஞ்சப்படி தனி என்று சொல்லுங்கள். யாரும் கேட்காத வாக்கியத்தை உங்கள் பயத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதை உங்களுக்குப் பின்னால் வருகிறவன் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். ரோசலின் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கேட்டதுதான் கேட்டீங்க" என்றாள் மனைவி. மறுபடியும் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். "அடிப்படையே எழுபத்தஞ்சுன்னு கேட்டிருக்கலாமே."